லண்டன் பெட்டி எங்கே நிற்கிறது?

கேள்வி: லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய பெட்டி இரண்டு மாதமாகியும் வரவில்லை. கப்பல் இவ்வளவு மெதுவாகவா ஓடும்? கடலில் விழுந்திருக்குமோ என்று அம்மா கவலைப்படுகிறா.
- வாசகி ஒருவர், சாவகச்சேரி

பதில்: கப்பலைத் திட்டாதேங்கோ பிள்ளை. பதினெட்டு வருடம் அதிலே சோறு தின்ற வல்வெட்டித்துறையான் நான். கொள்கலன் கப்பல் மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் இரவு பகலாக ஓடும். சுயஸ் கால்வாயால் வந்தால் கொழும்புக்கு மூன்று கிழமை தாராளம். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. அதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு நாள்.

மிச்ச நாளெல்லாம் கரையில்தான் போகிறது. அக்காவின் பெட்டி தனியாக வராது. பலருடைய சாமானோடு சேர்த்து நாற்பதடிக் கொள்கலனை நிரப்புவார்கள். அது நிரம்பும்வரை களஞ்சியத்தில் கிடக்கும். கொழும்பில் இறங்கினாலும் சுங்கம், பிரிப்பு, அப்புறம் ஏ9 வீதியால் லொறி.

விழுந்திருக்குமா? அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். கொள்கலனின் நாலு மூலையிலும் ஓட்டை இருக்கும். இரண்டு கொள்கலனுக்கு இடையில் அந்த ஓட்டைகளில் இரும்புப் பூட்டைக் கொழுவித் திருப்பினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதற்கு மேல் குறுக்கே கம்பி போட்டு முறுக்குவோம். கப்பல் ஆட ஆட முறுக்குத் தளரும். பிஸ்கே விரிகுடாவில் விடியப்புறமே போய் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்ப்பது என் வேலை. குளிரில் விரல் மரத்துவிடும். எப்போதாவது பெரும்புயலில் சில விழுவதுண்டு, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மிக அரிது.

இப்படிக் கொள்கலனில் சாமான் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடக்கிவைத்தவர் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி. 1956 ஏப்ரலில், பழைய எண்ணெய்க் கப்பலொன்றின் தட்டில் 58 கொள்கலன்களை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்ற தொன்னுக்கு 5.86 டொலர் முடிந்த காலம் அது; அவருக்கு முடிந்தது 16 சதம்! இப்போது ஆகப் பெரிய கப்பல்கள் இருபதடிக் கொள்கலன் கணக்கில் 24,000 சுமக்கின்றன. பல துறைமுகங்களில் ஒரே நாளில் இறக்கி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஊர் சுற்றிப் பார்க்க நேரமே கிடைக்காது. எனக்கு அதுதான் மனக்குறை.

அக்காவிடம் கொள்கலன் இலக்கத்தைக் கேளுங்கள்: நாலு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். கப்பல் கம்பனியின் இணையத்தளத்தில் அதைப் போட்டால் எங்கே நிற்கிறதென்று தெரியும். பெட்டிக்குள் சொக்கிலேற் இருந்தால் மட்டும் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கொழும்பு வெயிலில் அது பாணியாகியிருக்கும்.