வெளிநாட்டுக்கு வைட்டமின் அனுப்புறது: உங்க கேள்விகளுக்கு பதில்

பினாங்குல ஃபார்மசில வேலை பார்க்கிறேன், பார்சல் கேள்வி நிறைய வருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல கேளுங்கன்னு சொன்னேன்.

மலர், பிறை: அக்கா, மகன் மெல்பர்ன்ல படிக்கிறான். மீன் எண்ணெய் கேப்சூல் ரெண்டு போத்தல் அனுப்பலாமா?

அனுப்பலாம் மலர், ஆனா கணக்கு பார்த்து அனுப்புங்க. ஆஸ்திரேலியாவுல மருந்து விஷயத்தை டி.ஜி.ஏ.ங்கிற அரசாங்க அமைப்பு பார்க்குது, சொந்த உபயோகம்னா ஒரு தடவைக்கு 3 மாச அளவு, 12 மாசத்துல எல்லாம் சேர்த்து 15 மாச அளவு, அதுக்கு மேல போகக்கூடாது. மகன் நாளைக்கு ஒண்ணுதான் போடுறான்னு நீங்க கணக்கு பண்ணக்கூடாது, லேபிள்ல கம்பெனி போட்டிருக்கிற அதிகபட்ச டோஸ்தான் கணக்கு. 200 கேப்சூல் போத்தல், நாளைக்கு மூணுன்னு லேபிள்ல இருந்தா 66 நாளைக்குத்தான் வரும். ரெண்டு போத்தல்னா 133 நாள், 3 மாசம் தாண்டிடுது, அதனால இப்போதைக்கு ஒண்ணு அனுப்புங்க, முடியும்போது அடுத்தது. ரூம்ல இருக்கிற பசங்களுக்கு பங்கு போடக்கூடாது, விக்கவும் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க.

அப்புறம் முக்கியமா, போத்தலை மாத்தாதீங்க. இடம் மிச்சம்னு பிளாஸ்டிக் பைல கொட்டி அனுப்பினா, லேபிள் இல்லாத வெள்ளை மாத்திரை வைட்டமினா வேற எதுவுமான்னு அங்க உள்ள ஆபீசருக்கு எப்படித் தெரியும்?

தேவி, ஈப்போ: சிங்கப்பூருக்கு?

சீல் உடைக்காத போத்தல், 3 மாசத்துக்கு வர்ற அளவுக்குள்ள. அதே பெட்டில கசகசா வைக்காதீங்க, அங்க அனுமதி இல்லாம கொண்டு போகக்கூடாத சாமான் அது.

குமார், செந்தூல்: எதுக்கு இவ்வளவு பயம்? நான் வெளிநாட்டுல படிக்கிற பையனுக்கு அனுப்பும்போது ஃபார்ம்ல பிஸ்கட்னு எழுதிடுவேன், எல்லாம் போய் சேர்ந்திருக்கு.

குமார் தம்பி, இந்த யோசனைய யாருக்கும் சொல்லாதீங்க. சி.என் 22, சி.என் 23ன்னு போஸ்ட் ஆபீஸ்ல ஒட்டுற கஸ்டம்ஸ் ஃபார்ம் சும்மா பேருக்கு இல்ல, அதுல நீங்க கையெழுத்து போடுறீங்க. எக்ஸ்ரேல போத்தல் போத்தலாத்தான் தெரியும். "வைட்டமின் சி 500 மில்லிகிராம், 60 மாத்திரை, சொந்த உபயோகம், 45 வெள்ளி", இப்படி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

குமார்: உண்மைய எழுதினாத்தான் திறந்து பார்ப்பாங்க, வரி போடுவாங்க.

திறக்கட்டுமே, உள்ள எழுதினதுதான் இருக்கு, அப்புறம் என்ன பயம்? பொய்யா எழுதி மாட்டினா வைட்டமின் பிரச்சனை பொய் பிரச்சனையா மாறிடும், அதுக்கு பதில் சொல்லப் போறது நீங்க இல்ல, பார்சல்ல பேர் உள்ள பையன், ஸ்டூடண்ட் விசால இருக்கிறவன். இவ்வளவு நாளா போய் சேர்ந்துச்சுங்கிறது ஒரு காரணமே இல்ல.

சாந்தி, பட்டர்வொர்த்: குமார் சொல்றதுலயும் நியாயம் இருக்குக்கா, என் பார்சல் ரெண்டு வாரம் கஸ்டம்ஸ்ல கிடந்துச்சு.

கிடந்தது கஷ்டந்தான் சாந்தி, ஆனா கடைசில வந்துச்சுல்ல. பொய்யா எழுதினது பிடிபட்டா அந்த கேரண்டி கூட இல்ல. இதை இதோட விடுவோம்.

ராஜி, கிள்ளான்: பாட்டி செஞ்ச லேகியமும் லிட்டில் இந்தியால வாங்கின செந்தூரமும் மகளுக்கு அனுப்பணும்.

லேகியம் வேணாம் ராஜி, பாட்டி கை பக்குவத்துல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா லேபிளும் இல்ல, தேன் நெய் வேற இருக்கும். செந்தூரம், பற்பம் எல்லாம் நிச்சயமா வேணாம், பாதரசம் மாதிரி உலோகம் சேர்த்து செய்யிற மருந்து அது. வைத்தியர் பார்க்காம, மகள் மாசமா இருக்காளா என்னன்னு கூட தெரியாம பார்சல்ல போடுற சாமான் இல்ல. இங்கேயே விக்கிற எதை வாங்கினாலும் எம்.ஏ.எல்.னு ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க. நம்பர் இல்லாத மூட்டு வலி மாத்திரைல ஸ்டீராய்டும், ஸ்லிம்மிங் மாத்திரைல சிபுட்ராமின்ங்கிற பசி குறைக்கிற மருந்தும் கலந்திருந்ததை நம்ம சுகாதார அமைச்சு கே.கே.எம். பிடிச்சிருக்காங்க. அந்த எம்.ஏ.எல். நம்பர் மலேசியாவுக்குத்தான், வெளிநாட்டுல அது பெர்மிட் ஆகாது.

பாலா, சுங்கை பட்டாணி: அமெரிக்காவுல உள்ள மச்சான் கிராட்டம் கேப்சூல் அனுப்புறேங்கிறான், இயற்கை சப்ளிமெண்ட்னு.

வேணவே வேணாம்! அது நம்ம ஊர் கெத்தும்தான், போதை தர்ற இலை. அதுல உள்ள மித்ராஜைனின் இங்க விஷப் பொருள் சட்டம் 1952ல வருது. இன்னிக்கே போன் பண்ணி நிறுத்துங்க. கஞ்சா செடில இருந்து எடுக்கிற சி.பி.டி. சேர்த்த மிட்டாயும் (gummy) அதே மாதிரிதான், அது இன்னும் பெரிய கேஸ்.

விஜி, பிரிக்பீல்ட்ஸ்: மெல்பர்ன் தங்கச்சிக்கு எத்தனை போத்தல் அனுப்பலாம்?

மேல மலருக்கு சொன்னதைப் படிங்க.

அன்பு, தைப்பிங்: பெர்த்துக்கு எத்தனை?

பெர்த்தும் ஆஸ்திரேலியாதான் அன்பு. மலருக்கு சொன்னது. போத்தலை மாத்தாதீங்க.

கலா, கெப்போங்: திருச்சில அத்தைக்கு கிஃப்ட்டா அனுப்பினா வரி இல்லதானே?

இருக்கு. கிஃப்ட் பார்சலுக்கு இருந்த சலுகைய 2019 டிசம்பர்ல எடுத்துட்டாங்க, உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விட்டு வச்சாங்க. திருச்சிலயே நல்ல வைட்டமின் கிடைக்கும், காசை அனுப்பிடுங்க. அத்தை வேற என்ன மருந்து சாப்பிடுறாங்க?

கலா: ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின்.

அப்போ மல்டிவைட்டமின் வாங்கவே அவசரப்படாதீங்க கலா. நிறைய மல்டிவைட்டமின்ல வைட்டமின் கே இருக்கும், அது வார்ஃபரின் வேலைய குறைச்சிடும், மீன் எண்ணெய் அதிகமானா ரத்தக்கசிவு பயம் இருக்கு. லேபிளை போட்டோ எடுத்து அத்தையோட டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, அவர் சரின்னா மட்டும் ஆரம்பிக்கட்டும்.