வலக்கை பவுலருக்கு இடுப்பில் இடப்பக்க வலி

சார், 14 வயசுப் பையன், வலக்கை வேகப்பந்து, மூணு வாரமா இடுப்புல இடப்பக்கம் வலி, "பிடிப்புதான், தைலம் தேய்ங்க"ன்னு கோச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க. முதல்ல பவுலிங்கை நிறுத்துங்க, இன்னிக்கே. எனக்கு உறுத்துறது அந்த இடப்பக்கம்தான். இந்த வயசு பவுலர்களுக்கு முதுகெலும்புல வர்ற அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து வர்ற விரிசல், பெரும்பாலும் பந்து போடாத கைப் பக்கம்தான் வரும். எலும்பு இன்னும் முழுசா கெட்டிப்படல. ஒவ்வொரு பந்துக்கும் முதுகு பின்னால வளைஞ்சு, சாய்ஞ்சு, முறுக்குது.

என் பையனுக்கு ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சப்ப வலிக்கல. மொட்டை மாடி டேங்க்கை அண்ணாந்து பார்க்க வளைஞ்சப்பதான் "அம்மா"ன்னான். உங்க பையன்கிட்டயும் கேட்டுப் பாருங்க.

எலும்பு டாக்டர்கிட்ட வேகப்பந்து போடுறவன்னு மறக்காம சொல்லுங்க. எக்ஸ்ரே சுத்தமா வந்தாலும் நிம்மதி ஆகிடாதீங்க, ஆரம்ப விரிசல் அதுல தப்பிடும். எம்ஆர்ஐ தேவையான்னு கேளுங்க.

திரும்பப் போடும்போது ஓவரை எண்ணுங்க. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இந்த வயசுக்கு வச்சிருந்த கணக்கு ஒரு ஸ்பெல்லுக்கு (ஒரே மூச்சுல தொடர்ந்து போடுறது) 6, நாளைக்கு 12 ஓவர். நீங்க ஸ்கூல் மேட்ச், தெரு மேட்ச், நெட்ஸ் (வலைப் பயிற்சி) எல்லாம் சேர்த்தே எண்ணுங்க. நெட்ஸ் பந்தை எந்த கோச்சும் எண்றதில்ல, நீங்கதான் நோட்டுல எழுதணும்.