தலைக்கு இவ்வளவு: நரி வெகுமதியும் ரோமத்தோல் வணிகமும்

வாசகர் கேள்வி – பதில்

கோழிக்கூட்டையும் ஆட்டுப்பட்டியையும் காப்பதற்காக, நரியைக் கொன்று வருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசே பணம் கொடுத்த வழக்கத்தைப் பற்றி இப்பகுதியில் முன்பு சில வரிகள் எழுதியிருந்தேன். அது தொடர்பாக வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். நரி என்று தமிழில் நாம் பொதுவாகச் சொல்வது ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளைக் குறிக்கும் என்பதால், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களிலெல்லாம் செந்நரியையே குறிப்பிடுகிறேன் என்று கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: நரியைக் கொல்வதற்குப் பணம் தரும் ஏற்பாடு எப்போது, எங்கே தொடங்கியது?

பதில்: பணம் தருவதற்கு முன்னால் கட்டாயம் இருந்தது. ஐஸ்லாந்தில் 1295-ஆம் ஆண்டிலேயே, ஆறு ஆடுகளுக்குக் குறையாமல் வைத்திருந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு வளர்ந்த பனிநரி ஒன்றையோ குட்டிகள் இரண்டையோ கொல்ல வேண்டும், தவறினால் தண்டம் செலுத்த வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. மனிதர் குடியேறுவதற்கு முன்பே அத்தீவில் வாழ்ந்த ஒரே தரைப் பாலூட்டி அந்தப் பனிநரிதான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை விரிவாக எழுதப்பட்டது இங்கிலாந்தில். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1566-ஆம் ஆண்டில், தானியத்தைக் காப்பதற்கென்று இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு விலை வைத்தது. மூன்று காகத் தலைகளுக்கு ஒரு பென்னி, முள்ளெலிக்கு 2 பென்ஸ், நரிக்கோ 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். அக்காலத்துக் கூலியாள் ஒருவரின் ஒருநாள் கூலியைவிட அது அதிகம். இந்தப் பணத்தை அரசு கருவூலம் தரவில்லை. ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பாளர்கள் நிலம் வைத்திருந்தவர்களிடம் வசூலித்து, அதிலிருந்து கொடுத்தார்கள். எந்த ஊரில் எந்த ஆண்டு எத்தனை நரித்தலைகள் வந்தன என்பது தேவாலயக் கணக்கேடுகளில் இன்றும் காணக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

அச்சட்டம் 1863 வரை ஏட்டில் இருந்தது. நரியைப் பொறுத்தவரை அது அதற்கு வெகு காலம் முன்னரே பல ஊர்களில் செத்துவிட்டது. குதிரையேறி நாய்களோடு நரியைத் துரத்துவது நிலப்பிரபுக்களின் பொழுதுபோக்காக வளர்ந்தபோது, ஏழை உழவர் தம் கோழிக்காக நரியைக் கொல்வது பெரிய வீட்டுக்காரரின் விளையாட்டைக் கெடுக்கும் செயலாகிவிட்டது. நரிகள் குறைந்த இடங்களுக்கு ஐரோப்பாக் கண்டத்திலிருந்து உயிருள்ள நரிகளை வரவழைத்து, லண்டனின் லெடன்ஹால் சந்தை வழியாக விற்றார்கள். ஒரே விலங்குக்கு ஒரு கையால் கொலைப்பணமும் மறுகையால் கொள்முதல் விலையும் கொடுத்த இந்த நாட்களை, நரி வரலாற்றின் மிக முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். நரி தீங்கு செய்கிறதா இல்லையா என்பதைக் காட்டிலும், யாருக்குத் தீங்கு செய்கிறது என்பதே எப்போதும் சட்டத்தை நடத்தியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. அந்தக் கண்டத்தில் முன்பு நரியே இருந்ததில்லை. வேட்டை விளையாட்டுக்காகவே அதைக் கப்பலில் கொண்டு சென்று விட்டார்கள். 1870-களில் அது விக்டோரியாவில் நிலைகொண்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அதே மண்ணில் அதன் தலைக்கு விலை வைக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: நரியைக் கொன்றதற்கு என்ன சான்று கேட்டார்கள்? ஏமாற்றுவது எளிதல்லவா?

பதில்: எளிதுதான். 1566-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களுக்கே அது தெரிந்திருந்தது. கொண்டுவரப்பட்ட தலைகளைப் பொறுப்பாளர்களின் கண்முன்னே எரிக்கவோ வெட்டிச் சிதைக்கவோ வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். பிற்காலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், ஒரு மாவட்டம் காதைக் கேட்டது, மற்றொன்று உச்சித்தோலைக் கேட்டது, வேறொன்று வாலைக் கேட்டது. எல்லைக்கு அருகில் வாழ்ந்தவர் ஒரே உடலுக்கு இரண்டு இடங்களில் பணம் வாங்குவதை யாராலும் தடுக்க முடியவில்லை. இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. வளையைக் கண்டுபிடித்தவர் தாய் நரியை விட்டுவிட்டுக் குட்டிகளை மட்டும் எடுத்தால், அடுத்த ஆண்டும் அதே வளையில் அவருக்கு வருமானம் காத்திருக்கும். அதை மோசடி என்று சொல்லவும் முடியாது. தலைக்கு விலை என்ற விதி எதைக் கேட்டதோ அதைத்தான் அவர் கொண்டுவந்து கொடுத்தார்.

கேள்வி: இத்தனை நூற்றாண்டுகள் நீடித்ததென்றால் ஏதோ பலன் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

பதில்: நீடித்ததற்குக் காரணம் பலன் அன்று, எண்ணிக்கை. இத்தனை தலைகள் வந்தன என்று ஆண்டறிக்கையில் காட்ட முடிந்தது. எத்தனை ஆட்டுக்குட்டிகள் பிழைத்தன என்று யாரும் எண்ணவில்லை.

எண்ணிப் பார்த்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1885-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பருந்து, ஆந்தை, கீரி போன்ற சிறு ஊனுண்ணிகளான மிங்க், வீசல் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட் கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரை ஆண்டில் செலவான தொகை ஏறத்தாழ 90,000 டாலர். அந்நாட்டு வேளாண்மைத் துறையில் பறவைகளையும் பாலூட்டிகளையும் ஆராயும் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஹார்ட் மெரியம் இக்கணக்கை எடுத்து வைத்து, அதே காலத்தில் இவ்விலங்குகளால் கோழி வளர்ப்போர் அடைந்திருக்கக்கூடிய இழப்பு 1,875 டாலர்தான் என்று காட்டினார். அதோடு நிற்காமல், கொல்லப்பட்ட ஆந்தைகளும் பருந்துகளும் உயிரோடிருந்தால் தின்றிருக்கக்கூடிய எலிகள் வயலில் விளைவிக்கும் சேதத்தையும் கணக்கிட்டு, அது பல லட்சம் டாலர் என்றார். 1887-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நரியின் உணவிலும் எலி பெரும்பங்கு வகிப்பதால், இக்கணக்கின் தர்க்கம் நரிக்கும் அப்படியே பொருந்தும்.

நரியின் இயல்பும் இந்த முறைக்கு எதிராகவே இருக்கிறது. பெண் நரி ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக நான்கு முதல் ஆறு குட்டிகள் ஈனும். இலையுதிர் காலத்தில் இளம் நரிகள் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் அலைந்து வெற்றிடம் தேடும். ஓரிடத்து நரியைக் கொன்றால், அந்த வெற்றிடமே அடுத்த ஊர் இளம் நரிக்கு அழைப்பாகிவிடுகிறது. போட்டி குறைந்து உணவு மிகும்போது, பிழைக்கும் குட்டிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. இவற்றை மீறி ஒரு வட்டாரத்தில் நரிகளைக் குறைக்க வேண்டுமானால், அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் அனைவரும் ஒரே பருவத்தில், ஆட்டுக்குட்டிகள் பிறப்பதற்குச் சற்று முன்னர், இடைவிடாமல் முயல வேண்டும். வெகுமதி முறை இதற்கு நேர்மாறானது; நரிகள் அதிகமாகவும் எளிதாகவும் கிடைக்கும் இடத்துக்கே வேட்டையாடுபவரை அது இழுத்துச் செல்லும்.

விக்டோரியா அரசு 2002–03-இல் ஒரு வாலுக்கு 10 ஆஸ்திரேலிய டாலர் வீதம் கொடுத்துச் சோதனை நடத்தியபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வால்கள் குவிந்தன. ஆனாலும் மாநிலப் பரப்பில் மிகச் சிறிய பகுதியில்தான் நரிகள் குறைந்திருக்கக் கூடும் என்றே மதிப்பீடு வந்தது. அப்படியிருந்தும் 2011-இல் அங்கே வெகுமதி மீண்டும் தொடங்கியது. உழவர்களின் துயரம் உண்மையானது என்பதையும், அரசு கைகட்டி நிற்கவில்லை என்று காட்ட இதைவிட எளிய வழி இல்லை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வுழவர்கள் இதைவிட நல்ல உதவிக்கு உரியவர்கள்.

கேள்வி: ரோமத்தோலுக்கு வணிகர்கள் பணம் தந்தபோது தனியாக வெகுமதி எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. நரியின் தோலுக்கு ஆண்டில் சில மாதங்களே விலை உண்டு. குளிர் காலத்தில் அடர்மயிர் முழுதாக வளர்ந்தபின் தோலின் உட்புறம் வெளுத்து இருக்கும்; மயிர் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கும் பருவத்தில் உட்புறம் நீலம் பாய்ந்து தெரியும். தோலைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் வணிகர் மாதத்தைச் சொல்லிவிடுவார். குளிர் முடியும் தறுவாயில், இனப்பெருக்கப் பருவத்தில், இடுப்பு மயிர் தேய்ந்து போயிருக்கும்; அதற்கும் விலை குறைவு. எனவே தோலுக்காகப் பொறி வைப்பவர் வசந்தத்தில் பொறியை எடுத்துவிடுவார், குட்டிகளைத் தொடமாட்டார். வெகுமதி வாங்குபவருக்கோ கோடையும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான், கண் திறக்காத குட்டியும் ஒரு தலைதான்.

கிராமத்துக்கு இவ்வணிகம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைப் பலர் உணர்வதில்லை. அமெரிக்கப் பண்ணை வீடுகளில் அறுவடை முடிந்து கையில் காசு புழங்காத மாதங்கள்தான் தோலுக்கு விலை உச்சத்தில் இருந்த மாதங்கள். பள்ளிக்குப் போகும் வழியில் விடியற்காலையில் பொறிகளைப் பார்த்து வருவது அந்த வீட்டுச் சிறுவர்களின் வேலையாக இருந்தது. நரித்தோலை வயிற்றைப் பிளந்து விரிப்பதில்லை. பின்கால் முதல் பின்கால் வரை மட்டும் கீறி, காலுறையைக் கழற்றுவதுபோல் தலைவரை உருவி, ஒட்டிய கொழுப்பைச் சுரண்டி நீக்கி, உட்புறம் வெளியே தெரியுமாறு குறுகலான பலகையில் மாட்டுவார்கள். முழுதும் காய்ந்து விறைப்பதற்கு முன் கழற்றி, மயிர் வெளியே வருமாறு திருப்பி மீண்டும் மாட்ட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் தோல் திரும்பாது, கிழியும். உழைப்பெல்லாம் அந்த ஓர் இரவில் வீணாகும்.

1913-இல் அமெரிக்க அஞ்சல் துறை பொட்டலச் சேவையைத் தொடங்கியபின், ஊர் ஊராக வந்த இடைத்தரகரை மட்டும் நம்பியிருந்த நிலை மாறியது. சியர்ஸ் என்ற பெரிய அஞ்சல்வழி நிறுவனம் 1920-களில் உழவர்களிடமிருந்து தோல்களை நேரடியாகப் பெறத் தொடங்கி, 'ஜானி மஸ்க்ராட்' என்ற கற்பனைப் பெயரில் வானொலியில் தோல் விலையையும் பதப்படுத்தும் முறையையும் சொல்லி வந்தது. தோலின் தரத்தைப் பிரிக்கும் அதிகாரம் அப்போதும் வாங்குபவரிடமே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தரம் பிரிப்பவர் ஒரு படி தாழ்த்தி எழுதினால், நூறு கல் தொலைவிலிருந்து தோலை அனுப்பிய சிறுவனால் என்ன செய்திருக்க முடியும்?

கேள்வி: நரிகளைப் பண்ணையில் வளர்த்துப் பணக்காரரான தீவு ஒன்று உண்டென்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு அது. செந்நரியின் மரபுவழி நிறவேறுபாடு ஒன்றால், கருமயிரில் வெள்ளி நுனி பூண்ட நரிகள் அரிதாகப் பிறக்கும். சார்லஸ் டால்டன், ராபர்ட் ஔல்டன் என்ற இருவர் 1890-களில் கம்பிவலைக் கூண்டுகளில் இவற்றைப் பெருக்கக் கற்றுக்கொண்டு, அந்த வித்தையை மிகச் சிலரோடு மட்டும் பகிர்ந்தனர். உயிருள்ள நரியை வெளியே விற்பதில்லை என்பது அவர்களுக்குள் உடன்பாடு. 1910-இல் லண்டன் ஏலத்தில் அவர்களுடைய 25 தோல்கள் சராசரியாக 1,386 டாலருக்குப் போயின. ஒரு தோல் பண்ணைக் கூலியாளின் பல ஆண்டு வருமானம். செய்தி பரவியதும் உடன்பாடு உடைந்தது. அதன்பின் விலைபோனது தோல் அன்று, இனப்பெருக்கச் சோடி. 1913-இல் ஒரு சோடி 10,000 டாலருக்கும் மேல் விற்றது. நிலத்தை அடமானம் வைத்து வாங்கியவர்கள் உண்டு. 1914-இல் போர் மூண்டதும் சந்தை சரிந்தது. பின்னர் மீண்டும் எழுந்து, 1940-களில் உடையணியும் பாணி மாறியபோது தளர்ந்தது.

கேள்வி: ரோமத்தோல் ஆசையால் நரியினமே அழிந்த இடம் உண்டா?

பதில்: நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில், 18-ஆம் நூற்றாண்டு முதல் ரஷ்ய வணிகரும் பின்னர் அமெரிக்கரும் தோலுக்காகப் பனிநரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். தரையில் கூடு கட்டும் கடற்பறவைகள் தீவு தீவாக ஒழிந்தன. அங்கே முட்டையிடும் அலூசியன் வாத்து இனம் அற்றுப்போனதாகவே கருதப்பட்டு, நரி எட்டாத ஒரு சிறு தீவில் எஞ்சியது கண்டறியப்பட்டது. 1949 முதல் பல பத்தாண்டுகள் அந்நரிகளைத் தீவுகளிலிருந்து முற்றிலும் நீக்கியபின் அவ்வினம் மீண்டு, 2001-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. நாற்புறமும் கடல் சூழ்ந்திருந்ததால், கொன்ற நரியின் இடத்துக்கு வேறொன்று வர வழியில்லை. இங்கே கொல்வது பலன் தந்ததற்கு அதுவே காரணம்.

கேள்வி: வெறிநோயைத் தடுக்கவாவது நரிகளைக் கொல்லத்தானே வேண்டும்?

பதில்: ஐரோப்பா அப்படித்தான் எண்ணியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிழக்கே கிளம்பிய நரி வெறிநோய் ஆண்டுதோறும் மேற்கு நோக்கி நகர்ந்து, 1968-இல் பிரான்ஸை எட்டியது. சுட்டார்கள், வளைகளுக்குள் நச்சுவாயு செலுத்தினார்கள்; நோய் நிற்கவில்லை. 1978-இல் சுவிட்சர்லாந்தில், ரோன் பள்ளத்தாக்கில், கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரிகள் தின்னுமாறு போட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நாடும், தொடர்ந்து பிரான்ஸும் ஜெர்மனியும் நரி வெறிநோயிலிருந்து விடுபட்டன. மருந்துண்ட நரி உயிரோடு தன் எல்லையிலேயே இருந்து, நோயோடு வரக்கூடிய அயல்நரியை உள்ளே விடாமல் காத்தது.