கரன்ட் போனால் 1970-க்குப் போகும் கடிகாரம்

லினக்ஸோட மையப் பகுதியான கர்னலில் ஆர்டிசி, அதாவது போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடுற கடிகாரம் பற்றிக் கேட்டிருந்தீங்க. வந்த வரிசையிலேயே பதில் சொல்றேன்.

அம்பத்தூர்: அக்கா, ஃபேக்டரி டேட்டா லாகருக்கு நானே கர்னல் கம்பைல் பண்ணேன். டிஎஸ்3231 ஆர்டிசி சிப் இருக்கு, பேட்டரியும் புதுசு. கரன்ட் போய் வந்தா தேதி 1970 ஜனவரி 1. ஆனா ஆர்டிசியைப் படிக்கிற 'ஹெச்டபிள்யூகிளாக்' கமாண்ட் அடிச்சா சரியான மணி காட்டுது. சிப் டூப்ளிகேட்டா?

பதில்: சிப்பைத் திட்டாதீங்க தம்பி, அது ஒழுங்கா ஓடுது. கர்னல்தான் எழுந்திருக்கும்போது அதுகிட்ட மணி கேட்கலை. கர்னல் ஆப்ஷன்களைத் தேர்வு பண்ற மெனுகான்ஃபிக்ல 'டிவைஸ் டிரைவர்ஸ்' உள்ளே 'ரியல் டைம் கிளாக்' திறங்க. பூட் ஆகும்போது ஆர்டிசி நேரத்தை சிஸ்டத்துக்கு எடுத்துக்கிற 'ஹெச்சிடூசிஸ்' ஆன்ல இருக்கணும், அதுக்கான கடிகாரம் 'ஆர்டிசி0'ன்னு இருக்கணும். அடுத்தது டிரைவர். டிஎஸ்3231-க்கு டிஎஸ்1307 டிரைவர்தான். பேர் கிட்ட இருக்கேன்னு 3232-ஐ டிக் பண்ணி ஒரு ராத்திரி முழுக்க நான் முழிச்சிருக்கேன்.

எனக்கு உங்க டிரைவர் மேலதான் சந்தேகம், 'எம்'னு, பின்னால தனியா ஏறுற மாட்யூலா போட்டிருப்பீங்க. பழைய கர்னல்கள்ல ஹெச்சிடூசிஸ் பூட்டோட கடைசியில ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கும். மாட்யூல் அதுக்கப்புறம்தான் ஏறும். கர்னல் மெஸேஜ்களைக் காட்டுற டிமெஸேஜ்ல 'அனேபிள் டு ஓப்பன் ஆர்டிசி டிவைஸ்'னு வரி இருந்தா இதேதான். புது கர்னல்கள்ல மாட்யூல் ஏறும்போதும் நேரம் செட் ஆகும், ஆனா அதுக்கு முன்னால விழுந்த லாகெல்லாம் 1970தான். அதனால டிரைவர் கர்னலுக்குள்ளேயே சேர்ற மாதிரி 'ஒய்' போடுங்க. அந்த சிப் தொங்குற ஐ2சி பஸ், அதாவது சிப்பை போர்டோட இணைக்கிற லைன், அதோட டிரைவருக்கும் சேர்த்து. பாதிப் பேர் மறக்கிறது அதைத்தான்.

வேளச்சேரி: ஒரே மெஷின்ல லினக்ஸும் விண்டோஸும், டூயல் பூட். லினக்ஸ் போட்டுட்டு வந்தா விண்டோஸ்ல அஞ்சரை மணி நேரம் பின்னால.

பதில்: லினக்ஸ் ஆர்டிசியில யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் எழுதுது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு படிக்குது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' 1 ஆக்குங்க.

தாம்பரம்: மொட்டை மாடிப் பெட்டியில டிஎஸ்1307 ஆர்டிசி சிப், நெட் கிடையாது. மே மாசம் தினம் ஒரு செகண்டுக்கு மேல ஸ்லோ. கான்ஃபிக்ல சரிபண்ணலாமா மேடம்?

பதில்: கத்திரி வெயிலுக்கு கான்ஃபிக் கிடையாது சார். உள்ளே இருக்கிற 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரிக்கு வெட்டினது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகும். வித்தியாசத்தை அதாலேயே பெருக்கி 0.034-ஆல பெருக்குங்க. பெட்டிக்குள்ள 45 டிகிரின்னா பத்து லட்சத்துக்கு 13.6 பங்கு, நாளைக்கு 1.2 செகண்ட். டிஎஸ்3231 சூட்டை அளந்து தானே திருத்திக்கும். 40 டிகிரி வரைக்கும் பத்து லட்சத்துக்கு 2 பங்குதான் பிழை, வருஷத்துக்கு ஒரு நிமிஷம். நெட் வந்தா, அது வழியா சரியான நேரம் எடுக்கிற என்டிபி போட்டு, சிஸ்டம் நேரத்தை ஆர்டிசியில எழுதுற 'சிஸ்டூஹெச்சி' ஆன் பண்ணுங்க. கர்னலே 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆர்டிசியைத் திருத்தும்.

அப்புறம் ஒண்ணு. ரிச்சி தெருவுல கிடைக்கிற நீல நிற டிஎஸ்3231 மாட்யூல் பலதுல பேட்டரிக்கு சார்ஜிங் லைன் இருக்கும். சிஆர்2032 சார்ஜ் ஏத்தக் கூடாத பேட்டரி, 5 வோல்ட்ல உப்பிடும். அந்த லைன்ல இருக்கிற ரெசிஸ்டரைக் கழட்டிட்டு மாட்டுங்க.