சூடானால் நிற்கும் கார்: பம்பா, சென்சரா?

கேள்வி: கந்தளாயிலிருந்து திரும்பும்போது, தம்பலகாமம் தாண்டியதும் கார் திடீரென நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: பொறுங்கள். அடுத்த முறை நின்றதும் திறப்பைத் திருப்பி, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் முள் பூச்சியத்திலேயே கிடந்தால், பல கார்களில் கிராங்க் சென்சரைத்தான் (எஞ்சினின் கிராங்க் தண்டு சுழல்வதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கருவி) முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் சிக்னல் வராவிட்டால் பல கார்களில் கம்ப்யூட்டரே பம்பை நிறுத்திவிடும். 'பம்ப் ஓடவில்லை' என்று கராஜில் சொல்வது இதனாலும் இருக்கலாம்.

இரண்டு வயர் சென்சருக்குள் ஒரு காந்தமும், அதைச் சுற்றி மயிரிழைபோன்ற செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கிராங்க் தண்டோடு சுழலும் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கையில் ஒரு மின்துடிப்பு பிறக்கும். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் 36 பல்லுக்கு இடம் விட்டு 34 பல்லே வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும் கணத்தை வைத்தே தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது.

சுருளில் மயிரளவு வெடிப்பு இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையில் மல்டிமீட்டர் வைத்து 'சரி' என்பதில் அர்த்தமில்லை. கார் நின்ற இடத்திலேயே, சூடு தணியமுன் (கை சுடாமல்) கனெக்டரைக் கழற்றி அளக்க வேண்டும். குளிரில் 1000 ஓம் காட்டியது சூட்டில் 1200 சொச்சம் காட்டினால் பிழையில்லை, செம்பின் இயல்பு அது. அளவே காட்டாவிட்டால் சென்சர் போய்விட்டது. மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை (சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு உள்ளது). அதை ஓமில் அளக்கவே வேண்டாம். திறப்பை ஓன் பண்ணி, கனெக்டரில் 5 அல்லது 12 வோல்ட்டும் எர்த்தும் வருகின்றனவா என்று பாருங்கள்.

சென்சர் வாங்கமுன் கனெக்டர் பின்களையும் பாருங்கள். உப்புவெளிக் கடற்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதுவே போதும், சிக்னலைக் கெடுக்க.

கேள்வி: புது சென்சர் போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறதே?
- வாசகர், சீனக்குடா

பதில்: பற்றரியைச் சோதியுங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் இரண்டு வயர் சென்சரின் துடிப்பும் பலவீனமாகும். சென்சரைக் கழற்றி முனையையும் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் அப்பியிருந்தால் துணியால் துடைத்து, முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் சிக்னல் குறையும்.