கண்மாய் மாடலை அடுத்த ஊருக்கு எடுத்துப் போகலாமா? சிஸ்டம் டைனமிக்ஸ் கேள்வி பதில்

கே: அண்ணே, மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கு நீங்கள் போட்ட சிஸ்டம் டைனமிக்ஸ் மாடலை, அதாவது தண்ணீர் வரத்து, இருப்பு, வெளியேற்றத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஓட்டும் மாடலை, எங்கள் ஊர்க் கண்மாய்க்கு எடுத்துக்கொள்ளலாமா? எங்களுக்கு மழைத் தண்ணீர் மட்டும்தான்.

ப: அப்படியே எடுக்காதீர்கள் தம்பி. மேலூருக்குப் பெரியாறு வாய்க்கால் உண்டு, வைகை அணையில் திறந்தால்தான் அங்கே வரத்து. உங்களுக்கு வானம் பார்த்த வரத்து, அதனால் எண்ணை மாற்றினால் போதாது, மாடலின் வரத்துப் பகுதியையே புதிதாகப் போட வேண்டும். மடை, உபரி நீர் வழியும் கலுங்கு, ஆவியாதல் மூன்றையும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சோதித்துவிட்டு. மழையைப் பூஜ்யமாக்கி மடையைத் திறந்தே வைத்து ஓட்டுங்கள். கண்மாய் வறண்டு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மைனஸில் இறங்கினால் வெளியேறும் ஃப்ளோ இருப்பைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அப்புறம் பேய்மழையைக் கொட்டிப் பாருங்கள், கலுங்கு வழிகிறதா, இல்லை மட்டம் கரையைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா? யூனிட்டையும் பாருங்கள். ஆவியாதல் மில்லிமீட்டரில் வரும், கொள்ளளவு கனமீட்டரில் இருக்கும், இரண்டையும் சேர்ப்பது நீர்ப்பரப்பு. மட்டம் இறங்க இறங்க அது சுருங்கும், சுருங்கும் விதம் கண்மாய்க்குக் கண்மாய் வேறு. வண்டல் மேடிட்ட கண்மாய்க்குப் பழைய அளவு உதவாது.

கே: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

ப: வென்சிம், ஸ்டெல்லா, எதுவும் சரி.

கே: பத்து வருட நீர்மட்டத்தோடு என் கிராஃப் அச்சாகப் பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன சோதனை?

ப: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கசிவைக் கூடுதலாகவும் ஆவியாதலைக் குறைவாகவும் வைத்திருந்தால் ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைத்துவிடும், கிராஃப் அழகாகவே வரும். தூர் வாரிக் கசிவு மாறிய வருடம் மாடல் விழும். சிஸ்டம் டைனமிக்ஸ் ஆய்வாளர் யமன் பார்லாஸ் 1996-ல் எழுதிய கட்டுரையும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: முதலில் கட்டமைப்பை, அதாவது மாடலுக்குள் எது எதை எப்படி மாற்றுகிறது என்பதைச் சோதி, அதில் நம்பிக்கை வந்த பிறகு கிராஃபுக்கு வா.

கே: அப்படிப் பார்த்தால் எந்த மாடலையுமே நம்ப முடியாதே?

ப: எந்த வேலைக்கு என்று சொல்லுங்கள், நம்பலாமா என்று சொல்கிறேன். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் தாங்குமா என்று பார்க்க, வாரக் கணக்கில் ஓடும் மாடல் போதும். அதே மாடலைக் கரை உடையுமா என்று கேட்கவே கூடாது, அங்கே மணிக் கணக்கு வேண்டும். இந்தத் துறையைத் தொடங்கிய ஃபாரெஸ்டரும் ஆய்வாளர் செங்கேயும் 1980-லேயே, ஒரே சோதனையில் மாடல் செல்லுபடியாகிவிடாது, பல சோதனைகளைத் தாங்கத் தாங்கத்தான் நம்பிக்கை கூடும் என்று எழுதிவிட்டார்கள். இடம் மாறினால் அந்த நம்பிக்கையை மறுபடி சம்பாதிக்க வேண்டும்.

கே: கோரிப்பாளையம் டிராஃபிக்குக்கு ஒரு மாடல் கிடைக்குமா?

ப: என் துறை இல்லை. போக்குவரத்துப் பொறியாளர்களைக் கேளுங்கள்.

கே: கிராஃப் பொருந்தினால் போதாதா சார்?

ப: போதாது. மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள்.

கே: கடன் வாங்கிய மாடலில் இன்றைக்கே ஒரு சோதனை செய்ய வேண்டுமென்றால்?

ப: டைம் ஸ்டெப்பை, அதாவது மாடல் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாண்டும் கால இடைவெளியை, பாதியாக்கி ஓட்டுங்கள். விடை கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால், நீங்கள் இதுவரை பார்த்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு கண்மாயுடையது, எவ்வளவு கணக்குப் பிழை என்று முதலில் பிரித்தெடுங்கள்.