மருத்துவக் கருவிகள் பேசிக்கொள்வது எப்படி? கேள்விகளும் பதில்களும்

ஐ.சி.யூ. கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மென்பொருள்தான் என் பிழைப்பு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கணினி மாணவர்: எல்லாக் கருவியிலும் வைஃபை இருக்கிறது. அப்புறம் இணைப்பதில் என்ன கஷ்டம்?

எண் போய்ச் சேருவதில் கஷ்டமே இல்லை. 97 என்று ஒன்று வருகிறது. அது ஆக்சிஜன் செறிவா, நாடித்துடிப்பா? இந்த நொடியின் அளவா, சில நொடிகளின் சராசரியா? விரலிலிருந்து கிளிப் கழன்ற பிறகும் பழைய எண்ணே ஓடிக்கொண்டிருக்கிறதா? இதையெல்லாம் எண்ணோடு சேர்த்துச் சொல்லத்தான் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 11073 தரநிலைகள், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான விதிகள். பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் செறிவுக்கு அதில் 150456 என்று தனிக் குறியெண்ணே உண்டு. யார் செய்த கருவியானாலும் அதே எண்தான்.

கடிகாரம் இன்னொரு தலைவலி. நாடி, அழுத்தம் காட்டும் மானிட்டரில் 10:02, மருந்து ஏற்றும் பம்பில் 10:09 என்றால், மருந்து ஏறியதால் ரத்த அழுத்தம் விழுந்ததா, விழுந்ததால் மருந்தை ஏற்றினார்களா என்று பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நர்ஸ்: நோயாளியே பட்டனை அழுத்தி வலி மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்ப் இருக்கிறதே, மூச்சு குறைந்தால் அது தானாக நிற்கக் கூடாதா?

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுத்துக்கொள்ளும் கணக்கே இதுதான். மார்ஃபின் போன்ற மருந்து அதிகமானால் மூச்சு மந்தமாகும். பக்கத்திலேயே மானிட்டர் இருக்கும். ஆனால் பம்புக்கு அது தெரியாது.

ஆக்சிஜன் செறிவு குறைந்ததும் நிறுத்து என்று எழுதிவிடலாமே எனத் தோன்றும். நோயாளிக்கு மாஸ்க் வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு மந்தமான பிறகும் செறிவு வெகுநேரம் நன்றாகவே காட்டும். அதனால் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடையும் மூச்சு எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, 'நில்' என்ற கட்டளையே வந்து சேராவிட்டால்? ஆகவே கட்டளையைத் தலைகீழாக்குகிறோம். 'இன்னும் இத்தனை நொடி ஓடலாம்' என்று பம்புக்கு அனுமதிச் சீட்டு கொடுத்துக்கொண்டே இருப்போம். புதுச் சீட்டு வராவிட்டால் பம்ப் தானே நின்றுவிடும். நான் செய்யும் முதல் டெஸ்டே கேபிளைப் பிடுங்குவதுதான்.

இன்னொருவர்: சரி, இணைப்பு அறுந்தால் எல்லா பம்பும் நிற்க வேண்டுமா?

ஐயோ, கூடாது! ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஏறும் பம்ப் நின்றால் ஆளே போய்விடுவார். அது கடைசியாக வைத்த வேகத்தில் ஓடியபடியே அலாரம் அடிக்க வேண்டும். எது பாதுகாப்பான நிலை என்பதை மருந்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மயக்க மருந்து படிப்பவர்: கட்டிலைக்கூட இணைக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

எனக்குப் பிடித்த கேள்வி. தமனிக்குள் ஊசி வைத்து அழுத்தம் அளக்கும்போது, சென்சாரை ஸ்டாண்டில் இதய மட்டத்துக்கு மாட்டுவீர்கள். யாரோ கட்டிலை 30 செ.மீ. உயர்த்துகிறார், சென்சார் பழைய இடத்திலேயே இருக்கிறது. குழாயில் உள்ள திரவத்தின் எடை சேர்ந்து, அளவு சுமார் 22 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். சராசரி அழுத்தம் உண்மையில் 60, திரையில் 82. அதை நம்பி ஒரு தானியங்கி பம்ப் மருந்தைக் குறைத்தால்? மானிட்டர் சரி, பம்ப் சரி, கட்டிலும் சரி. ஆபத்து அவற்றைச் சேர்த்த இடத்தில் இருக்கிறது. 'நான் உயர்ந்துவிட்டேன்' என்று கட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இது எப்போது ஆரம்பித்தது?

தரநிலை முயற்சி 1984-இல். வேகம் பிடித்தது 2004-இல், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர் ஜூலியன் கோல்ட்மேன் கருவிகளை இணைக்கவென்று தொடங்கிய திட்டத்தால். அவர்கள் அடிக்கடி சொல்லும் விபத்து ஒன்று: பித்தப்பை அறுவையில் எக்ஸ்ரே கலங்காமல் இருக்க வென்டிலேட்டரை நிறுத்தினார்கள், மறுபடி ஓடவிட மறந்துவிட்டார்கள். நோயாளி இறந்தார். மூச்சின் இடைவெளி பார்த்து எக்ஸ்ரே எடுக்கக் கருவிகளுக்கே தெரிந்திருந்தால் நிறுத்தவே வேண்டியதில்லை. ஜெர்மனியில் 2012-இல் தொடங்கிய ஓஆர்.நெட் என்ற அறுவை அறைக் கருவி இணைப்புத் திட்டத்திலிருந்து, கருவிகள் பேசிக்கொள்வதற்கான இன்றைய எஸ்டிசி தரநிலை (11073 வரிசையைச் சேர்ந்ததுதான்) வளர்ந்தது.

ஹேக் செய்துவிட மாட்டார்களா?

முயல்வார்கள். அதனால் இரு கருவிகளும் தாங்கள் யார் என்று டிஜிட்டல் சான்றிதழ் காட்டிய பிறகே பேச்சு. எண்ணைப் படிக்கும் உரிமை வேறு, பம்பின் வேகத்தை மாற்றும் உரிமை வேறு. இரண்டையும் ஒரே கடவுச்சொல்லில் வைக்கும் கருவியை நான் வாங்க விடமாட்டேன்.

நடைமுறையில் எங்காவது ஓடுகிறதா?

சர்க்கரை நோயில் ஓடுகிறது. மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் பிற கருவிகளோடு சேரத்தக்க குளுக்கோஸ் சென்சாருக்கும், 2019-இல் அப்படிப்பட்ட இன்சுலின் பம்புக்கும், அதே ஆண்டு இறுதியில் இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கும் மென்பொருளுக்கும் தனித்தனியே அனுமதி கொடுத்தது. மூன்றையும் ஒரே நிறுவனம் செய்ய வேண்டியதில்லை. ஐ.சி.யூ. அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. அங்கே ஒரு படுக்கைக்கே பத்துக் கருவி, அதில் பாதி பழசு.